எழுபத்தொன்றாம் நம்பர் விளக்குமீன்

அன்புள்ள வண்டுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் உன் வீட்டுக்காரரும் அங்கே அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன், நம்பத்தான் வேண்டும், கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு நீ வேறு வழி வைக்கவில்லை. கோபத்தோடுதான் எழுதுகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நடுவில் படித்துவிட்டு அம்மா ஏன் இப்படி எழுதுகிறாள் என்று அப்பாவிடம் கேட்காதே. பதினோரு வாரமாக நீ என் போனை எடுக்கவில்லை. செய்தி அனுப்பினால் பார்க்காமலே விட்டுவிடுகிறாய். அப்பாவிடம் மட்டும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுகிறாய், அவரும் போனைத் தூக்கிக்கொண்டு துணி காயப்போடும் இடத்துக்குப் போய் நின்று குசுகுசுவென்று பேசிவிட்டு வந்து, நல்லா இருக்காளாம் என்று எனக்கு இரண்டே வார்த்தை பிச்சை போடுகிறார். சின்ன வயசிலிருந்தே உனக்கு இது ஒரு ஆயுதம், அடித்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், நீ வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குள் நடமாடினால் எனக்குச் சோறு இறங்காது, அது தெரிந்துதான் செய்வாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். ஒட்டின கவரைப் பார்த்தால் பிரிக்காமல் இருக்க உன்னால் முடியாது. பயப்படாதே, கடிதத்தை லேமினேட் செய்யவில்லை.

நடந்ததை ஒருமுறை வரிசையாக எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நீ அப்பாவிடம் சொல்லும் கதையில் நான் ஏதோ கொலைகாரி மாதிரி வருகிறேன். நீதான் கூப்பிட்டாய். அலமாரி மேல்தட்டுல பிஸ்கட் டப்பால என்னோட ஆழ்கடல் வேட்டை கார்டெல்லாம் இருக்கும்மா, இங்க ஆபீஸ்ல நாலு பேர் சேந்து பழைய கார்டு சேக்கறோம், எங்கிட்ட முதல் அச்சு இருக்குன்னதும் எல்லாரும் வாயப் பொளந்துட்டாங்க, ஈரம் படாம, மடங்காம, மூலை கசங்காம அனுப்பும்மா என்றாய். சூயிங்கம் பாக்கெட்டுக்குள் ஒன்று ஒன்றாக வருமே, ஒவ்வொரு மீனுக்கும் பலம் இத்தனை, வேகம் இத்தனை என்று அச்சடித்திருப்பார்களே, அந்தக் கார்டுகள்தான். நூற்றுப் பன்னிரண்டு இருந்தன. ஈரம் படக் கூடாது, மடங்கக் கூடாது, மூலை கசங்கக் கூடாது. இந்த மூன்றையும் பதிவு அலுவலகத்துக்கு எதிரே இருபத்து நாலு வருஷமாக லேமினேஷன் கடை வைத்திருப்பவளிடம் சொன்னால் அவள் வேறு என்ன செய்வாள்? காலையிலிருந்து சாயங்காலம் வரை என் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் இதே மூன்றைத்தான் சொல்கிறார்கள். பிறந்த சான்றிதழ், படித்த சான்றிதழ், செத்தவர் போட்டோ எல்லாவற்றுக்கும் நான் இதைத்தான் செய்து கொடுத்திருக்கிறேன், ஒருவரும் அழுததில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை பாதி ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். மூலையெல்லாம் நைந்து போயிருந்ததால் முதலில் மூலை வெட்டும் கருவியில் வைத்து நாலு மூலையையும் அழகாக வட்டமாக வெட்டினேன், பிறகு இருப்பதிலேயே தடிமனான பவுச்சில் போட்டு மெஷினில் விட்டேன். ஒன்றில்கூடக் குமிழி கிடையாது. போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவிட்டு, நீ கூப்பிட்டுச் சந்தோஷப்படுவாய் என்று போனை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் வண்டு.

நீ கூப்பிட்டாய். அய்யோ மூலைய வெட்டிட்டியா, நீ கை வெச்சாலே எல்லாம் நாசம், முடிஞ்சா அந்த நூத்திப்பன்னெண்டையும் பழையபடி சேத்துக் குடு, அப்பறம் பேசறேன் என்றாய். அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. கேட்காமல் செய்தது என் தப்பு, அதை இந்தக் கடிதத்தில் ஒரே ஒரு தரம் ஒத்துக்கொள்கிறேன், திரும்ப எழுத மாட்டேன். ஆனால் சேர்த்துக் கொடு என்றாயே, கொடுத்துத்தான் காட்டுவோம் என்று எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. மறுபடி சேர்க்க வேண்டிய கார்டுகள் என்று நீ அப்பாவுக்கு அனுப்பின பட்டியலை நான்தான் பிரிண்ட் எடுத்தேன், போனில் பொடி எழுத்து அவர் கண்ணுக்குத் தெரியாது என்று ஒரு சாக்கு. முதல் வரியிலேயே எழுபத்தொன்றாம் நம்பர் விளக்குமீன், கீழே இரண்டு கோடு. இது இல்லைன்னா செட்டே இல்லை என்று பக்கத்தில் எழுதியிருந்தாய்.

அடியே, இந்தக் காலத்தில் கார்டு சேர்ப்பது என்றால் என்னவென்று தெரிந்துதான் சொன்னாயா? நான் ஏதோ சூயிங்கம் பெட்டியோடு வாங்கினால் ஆயிற்று, வாய் வலிக்க மென்று தீர்க்கலாம் என்று நினைத்துக்கொண்டு போனேன். சூயிங்கமே இப்போது கிடையாதாம், வெறும் கார்டுதானாம், அதையும் பொம்மைக் கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னால் பூட்டி வைத்திருக்கிறார். புதிதாக அச்சடித்து விட்டிருக்கிறார்கள், ஆனால் ஒரே சுறாவை எட்டு விதமாகப் போட்டிருக்கிறார்கள், சாதா சுறா, மினுக்குச் சுறா, தங்க ஓரச் சுறா, இருட்டில் பச்சையாகத் தெரியும் சுறா என்று. ஒரு செட்டை முடிப்பதற்குள் அடுத்த செட்டை இறக்கிவிடுகிறார்கள், யாரும் முடித்துவிடக் கூடாது என்பதுதான் அவர்கள் எண்ணமே. புது சரக்கு வரும் நாளில் கடை திறக்கும் முன்பே போய் வரிசையில் நின்றேன். வரிசையில் ஒரு குழந்தை இல்லை. எல்லாம் நரைத்த தலை, தொந்தி, கழுத்தில் அலுவலக அட்டை. ஒருத்தர் கடைக்குள் போனதும் பையிலிருந்து சின்னத் தராசு ஒன்றை எடுத்தார், தங்கம் நிறுப்பார்களே அது மாதிரி. ஒவ்வொரு பாக்கெட்டாக வைத்து நிறுத்தார். மினுக்குக் கார்டு இருந்தால் எடை கொஞ்சம் கூடுமாம். கனமானதை எல்லாம் அவர் பொறுக்கிக்கொண்டு போனார், மிச்சத்தைக் கடைக்காரர் மறுபடி பூட்டினார், சாயங்காலம் அப்பன் கையைப் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளைகளுக்கு அந்த மிச்சம்தான். இதென்ன நியாயம் என்று நான் சத்தம் போட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நீங்களும் வேணா ஒரு தராசு வாங்கிக்கங்கம்மா என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரையே தூக்கி நிறுத்திருப்பேன்.

பழைய அச்சு வேண்டும் என்றால் போனில் தேட வேண்டுமாம். தேடினேன். போட்டோவில் ஒன்று, வந்து சேருவது வேறொன்று. திருக்கை மீன் இரண்டு வாங்கினேன், இரண்டும் நேற்று அடித்த கலர் பிரிண்ட், இருபத்து நாலு வருஷம் பிரிண்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என்னிடமே அனுப்புகிறான், மசி வாசனை கவரைப் பிரித்ததும் மூக்கில் ஏறுகிறது. ஏலம் என்று ஒன்று இருக்கிறது, அதில் கடைசி நிமிஷம் வரை நான்தான் மேலே இருப்பேன், கடைசி ஐந்து நொடியில் முகம் தெரியாத எவனோ வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவான், மறுநாளே அதே கார்டை இரண்டு மடங்கு விலைக்கு அவனே விற்பான். உன் அப்பா சங்கதி தனி. எனக்கு உதவுகிறேன் என்று அவரும் பாக்கெட் வாங்க ஆரம்பித்தார், இப்போது அவருக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. தையல் மெஷின் ரிப்பேருக்குப் போன இடத்தில் கூலியை வாங்கி நேராகப் பொம்மைக் கடைக்குப் போகிறார். பாக்கெட்டைக் கிழிக்கும் முன் கண்ணை மூடி ஏதோ முணுமுணுக்கிறார், பிறகு ஒவ்வொரு கார்டாக, சீட்டு விளையாடுகிறவர் மாதிரி, மெதுவாக நகர்த்திப் பார்க்கிறார். ஒரே நண்டு பதினேழு சேர்ந்திருக்கிறது. அதோடு விட்டாரா, லேமினேஷனைச் சூடு காட்டினால் பிரித்துவிடலாம் என்று யாரோ சொன்னார்களாம், நான் கடையில் இருக்கும்போது உன் சொறிமீன் கார்டைத் தேய்ப்புப்பெட்டியின் அடியில் வைத்திருக்கிறார். சொறிமீனும் போயிற்று, என் நல்ல புடவை ஒன்றும் போயிற்று, தேய்ப்புப்பெட்டியில் இன்னும் அந்த மீனின் ஒரு மீசை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர் செய்தால் உனக்குச் சிரிப்பு வரும், எனக்குத் தெரியும். அவரிடம் பேசாமல் இருப்பாயா நீ?

இப்படி அலைந்து அலைந்து இதுவரை முப்பத்தொன்பது கார்டு சேர்த்தேன். எழுபத்தொன்று மட்டும் எங்கேயும் இல்லை. கடைசியில் மூக்குக்கண்ணாடிக் கடை மாடியில் கார்டுக்கு மார்க் போடுகிறவர் ஒருத்தர் இருக்கிறார், அவரிடம் ஒன்று இருக்கிறது என்று தராசுக்காரரே சொல்ல, போன செவ்வாய்க்கிழமை கடையைச் சாத்திவிட்டுப் போனேன். போலியைத் தலையில் கட்டிவிடுவார்களே என்று, ஒப்பிட்டுப் பார்க்க உன் விளக்குமீனையும் பையில் எடுத்துக்கொண்டேன். மனுஷர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், ஆபரேஷன் செய்யப் போகிற டாக்டர் கெட்டார். கார்டை விளக்கடியில் வைத்து மூலைக்கு மார்க், ஓரத்துக்கு மார்க், படம் நடுவில் இருக்கிறதா என்று அதற்கு ஒரு மார்க். உன் கடைசிப் பரீட்சைத் தாளைக்கூட இவ்வளவு கவனமாக எவரும் திருத்தியிருக்க மாட்டார்கள். மார்க் போட்ட பிறகு என்ன செய்கிறார் தெரியுமா வண்டு? கெட்டியான கண்ணாடிப் பிளாஸ்டிக் இரண்டு எடுத்து, நடுவில் கார்டை வைத்து, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டி மூடிவிடுகிறார். இதைத்தானேய்யா நானும் செய்தேன் என்றேன். இதுல கார்டு மேல எதுவும் ஒட்டாதும்மா, உங்களுது ஒட்டிக்கும் என்றார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். அவர் மூடினால் விலை பத்து மடங்கு ஏறுமாம், நான் மூடினால் என் மகள் பேச மாட்டாளாம். அவரிடம் இருந்த விளக்குமீனுக்கு அவர் சொன்ன விலை என் கடையின் ஆறு மாத வாடகை. அவ்வளவு கொடுத்து வாங்கினாலும் பெட்டியைத் திறக்கக் கூடாதாம், கையால் தொடக் கூடாதாம், விளையாடினால் பைத்தியம் என்பார்களாம்.

நான் உன் கார்டைப் பையிலிருந்து எடுத்து அவர் முன்னால் வைத்தேன். முன்பக்கம் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். பின்பக்கம் திருப்பினார், சிரித்துவிட்டார். லேமினேஷன விடுங்கம்மா, அது இல்லைன்னாலும் இது தேறாது, பின்னாடி பென்சில்ல எழுதியிருக்கு பாருங்க, எழுதின அன்னிக்கே இதுக்கு உயிர் போச்சு என்றார். பொடி எழுத்து, நான் கண்ணாடியைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன், அவரைப் படிக்கச் சொல்லிக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. கார்டைப் பிடுங்கிக்கொண்டு படி இறங்கினேன். மெஷினில் விடும்போதே பின்னால் ஏதோ கிறுக்கல் இருப்பதைப் பார்த்தேன்தான், அழிரப்பர் போட்டுத் துடைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன், நல்ல வேளை நேரமில்லை. கடைக்கு வந்து கண்ணாடி போட்டு, பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகத் திருப்பினேன். எல்லாவற்றிலும், கார்டு யார் கொடுத்தது, பதிலுக்கு நீ என்ன கொடுத்தாய் என்று எழுதியிருந்தாய். எலிவால் குடுத்தது, பதிலுக்கு ரெண்டு நண்டு, ஒரு சைக்கிள் ரவுண்டு. கடைசி பெஞ்சு குண்டு குடுத்தது, பதிலுக்கு கணக்கு நோட்டு ஒரு நாள். அப்பா குடுத்தது, பதிலுக்குத் தொலைஞ்ச ஊசியைத் தேடிக் குடுத்தேன். தேதி வேறு, கையெழுத்து வேறு, அந்த வயசில் உன் கையெழுத்தில் இரண்டு மீசையும் ஒரு வாலும் இருக்கும்.

ஆக, யார் நாசம் செய்தது? நான் மெஷினில் விடுவதற்கு இருபது வருஷம் முன்னால், உன் கையாலேயே, நூற்றுப் பன்னிரண்டையும், ஒன்று விடாமல். நான் தொட்டால் நாசம் என்றாயே, தொட என்ன மிச்சம் வைத்திருந்தாய்? வாதத்தில் ஜெயிப்பதற்காக இதை எழுதவில்லை என்று சொன்னால் பொய், ஜெயிப்பதற்குத்தான் எழுதுகிறேன். ஆனால் டப்பாவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தபோது வேறொரு கோபமும் வந்தது. நான் வெயிலில் வரிசையில் நின்று, தராசுக்காரனிடம் பேச்சு வாங்கி, திருடனிடம் ஏமாந்து சேர்த்த அந்த முப்பத்தொன்பதையும் திருப்பிப் பார்த்தேன். பின்னால் ஒன்றுமே இல்லை, சுத்தம். அப்படிச் சுத்தமாக இருந்தால்தான் மதிப்பாம். நீ பழையபடி சேர்த்துக் கொடு என்று கேட்டாயே, எலிவால் சைக்கிளில் ஒரு ரவுண்டு போனதை நான் எந்தக் கடையில் போய் வாங்குவேன்? அது என்னவென்று உனக்கே மறந்துபோய், மூலை போச்சு மூலை போச்சு என்று அழுதிருக்கிறாய். எனக்கு உன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது, அழுகையும் வந்தது, ஒரு சான்றிதழ்க்காரர் வந்து நின்றதால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

எழுபத்தொன்றை மட்டும் அப்போது படிக்கவில்லை, அது பையிலேயே இருந்ததை அந்த அழுகையில் மறந்துவிட்டேன். மறுநாள் எலிவாலைப் பார்க்க மருந்துக்கடைக்குப் போனேன். ஒல்லிப் பின்னலோடு நம் வீட்டு மாடிப்படியில் உன்னோடு உட்கார்ந்திருப்பாளே, இப்போது அந்த மருந்துக்கடையே அவளுடையது, பின்னலும் பெருத்திருக்கிறது. அவளிடம் பழைய கார்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்கத்தான் போனேன். அவளுடையதெல்லாம் தண்ணீர்க்குழாய் உடைந்தபோது நனைந்து கூழாகிவிட்டதாம். உங்க பொண்ணுதுங்க மட்டும் தப்பிச்சிருக்கு ஆன்ட்டி, இனிமே வெள்ளமே வந்தாலும் ஒண்ணும் ஆகாது என்று சிரித்தாள், அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. பின்னால் எழுதியிருப்பதைப் பற்றிக் கேட்டேன். எழுதலைன்னா மாத்து செல்லாது ஆன்ட்டி, எழுதினதை மீறினா கார்டைக் குடுத்தவங்ககிட்டயே திருப்பிக் குடுத்துடணும், எத்தனை வருஷம் ஆனாலும் சரி, இந்தச் சட்டத்தப் போட்டதே வண்டுதான், நான் ஒரு தடவை மீறினேன்னு என் ஆக்டோபஸப் பிடுங்கிட்டா, இன்னும் எனக்கு அந்த வலி இருக்கு என்றாள். பையிலிருந்து உன் விளக்குமீனை எடுத்துக் கொடுத்தேன். திருப்பினாள். படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், சிரிக்கவில்லை, நீங்களே படிங்க ஆன்ட்டி, கீழ சாட்சின்னு நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன் என்று தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தாள்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை. உனக்குப் பத்து வயசு. என்ன சண்டை என்று எனக்கும் மறந்துவிட்டது, நாலு நாள் என்னோடு நீ பேசவில்லை. மளிகைக் கடையில் சில்லறை இல்லை என்று ஒரு சூயிங்கம் பாக்கெட்டைக் கையில் திணித்தார்கள், உள்ளே இந்த மீன் இருந்தது, தலையில் விளக்கோடு, பல்லைக் காட்டிக்கொண்டு, அசிங்கமாக. மேஜை மேல் வைத்தேன். நீ வந்து பார்த்தாய், கண் அகன்றது, ஆனாலும் வாய் திறக்கவில்லை, கையை மட்டும் நீட்டினாய். பதிலுக்கு என்ன தருவாய் என்று நான் விளையாட்டுக்குக் கேட்டேன். நீ பென்சிலை எடுத்துக்கொண்டு எலிவாலோடு படிக்கட்டுக்குப் போனாய், திரும்பி வந்து எழுதியாச்சு, கார்டு என்னுது என்றாய். என்ன எழுதினாய் என்று அப்போது நான் பார்க்கவில்லை, நீ பேசிவிட்டாயே, அதுவே போதும் என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். இப்போதுதான் படித்தேன். அம்மா குடுத்தது. பதிலுக்கு, இனிமே ஒரு நாள்கூட அம்மாவோட பேசாம இருக்க மாட்டேன்.

கையிலே வெண்ணெயை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நெய்க்கு அலைந்திருக்கிறேன் நான். பதினோரு வாரம் வண்டு. எழுபத்தேழு நாள். ஒரு நாள்கூட என்று உன் கையால் எழுதியிருக்கிறாய், தேதி இருக்கிறது, சாட்சி இருக்கிறாள், சட்டமும் நீ போட்டதுதான். அதனால் எழுபத்தொன்றாம் நம்பர் இனி உன்னுடையது இல்லை, என்னுடையது. கடை மேஜைக் கண்ணாடிக்கு அடியில், பின்பக்கம் மேலே தெரியும்படி வைத்திருக்கிறேன், வருகிறவர்கள் எல்லாரும் படித்துவிட்டு யார் எழுதியது என்று கேட்கிறார்கள், சொல்லவில்லை. முப்பத்தொன்பதையும் தராசுக்காரரிடமே விற்றுவிட்டேன், இனி வரிசையில் நிற்க மாட்டேன். சொறிமீனும் விளக்குமீனும் போக உன்னுடையது நூற்றுப்பத்து டப்பாவில் இருக்கிறது, இந்தக் கடிதத்தோடு பார்சலில் வருகிறது, ஆபீஸ் ஆட்களிடம் முன்பக்கத்தைக் காட்டாதே, பின்பக்கத்தைக் காட்டு. விளக்குமீன் வேண்டும் என்றால் மறுபடி மாற்றுதான். என்ன தருவாய் என்று போனில் சொல், இந்தத் தடவை எழுதுவதை நான் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், குளிர் அதிகம் என்று அப்பா சொன்னார், காதை மூடிக்கொண்டு வெளியே போ. உன் வீட்டுக்காரரிடம் அத்தை விசாரித்ததாகச் சொல். நீங்கள் இரண்டு பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், கோபத்திலும் அதைத்தான் நினைக்கிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே, கடை ஒன்பது மணிக்குத் திறப்பேன், போன் மேஜைமேல் அந்த மீனுக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

இப்படிக்கு,
எழுபத்தொன்றாம் நம்பருக்குச் சொந்தக்காரி,
உன் அம்மா.